ஐந்து வகுப்பு, இரண்டு அறை

நான் வேலை பார்ப்பது புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பு. அறை இரண்டு. தலைமையாசிரியரையும் சேர்த்து ஆசிரியர் இரண்டு பேர். பிள்ளைகள் முப்பதை ஒட்டி இருப்பார்கள். வருசத்துக்கு வருசம் நாலைந்து கூடும், குறையும். டவுனில் இருக்கிற தோழிகளிடம் இதைச் சொன்னால் முதலில், "முப்பதே பிள்ளைங்களா, அப்ப ஜாலிதான்" என்பார்கள். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, அஞ்சு வகுப்பையும் எப்படி ரெண்டே பேரு எடுக்குறீங்க?" என்பார்கள். இரண்டாவதுதான் சரியான கேள்வி.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது. தலைக்கணக்கில் பார்த்தால் எங்களுக்கு அது தாராளம். ஆனால் பாடக்கணக்கு வேறு. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று நான்கு பாடம். மூன்றிலிருந்து சூழ்நிலையியல் போய் அறிவியலும் சமூக அறிவியலும் வரும், ஆக ஐந்து பாடம். மொத்தம் கூட்டினால் 23. தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ வட்டார வள மையத்துக்கோ கூட்டத்துக்குப் போகிற நாளில் அந்த 23-ம் என் ஒருத்தி தலையில்.

இதை யாராலும் அட்டவணைப்படி நடத்த முடியாது. அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டித்தான் வைத்திருக்கிறோம், ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்கு. பள்ளி ஓடுகிற விதம் வேறு. பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஊர் உள்ளே வந்து போகிறது. நாங்கள் இரண்டு பேரும் நடுவில் நின்று எதை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது என்று பார்த்துக்கொள்கிறோம். சின்னப் பள்ளி என்றாலே பெரிய பள்ளியாக முடியாமல் போனது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், கல்வித் துறைக்குள்ளேயே நிறைய. அவர்கள் ஒரு நாள் முழுக்க எங்கள் பாயில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பாய் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் பெஞ்சு கிடையாது. என் அறையில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள். சுவருக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியரிடம் நான்கும் ஐந்தும். பெஞ்சு போட்டால் வகுப்புக்கு இவ்வளவு இடம் என்று எல்லை விழுந்துவிடும். பாயில் அது இல்லை. இரண்டாம் வகுப்புப் பையன் தன் வேலையை முடித்துவிட்டு மூன்றாம் வகுப்பின் வட்டத்தில் போய் ஒண்டிக்கொள்வான். அங்கே நான் மூன்று இலக்கக் கழித்தல் சொல்லிக்கொண்டிருப்பேன். எட்டை மூன்றிலிருந்து கழிக்க முடியாமல் மூன்றாம் வகுப்பு முழிக்கும்போது, இவன் பின்னாலிருந்து, "பக்கத்து வீட்டுல கடன் வாங்கணும் டீச்சர்!" என்று கத்துவான். அடுத்த வருசம் அந்தக் கணக்கு அவனுக்கு முறையாக வரும்போது, அது ஏற்கெனவே வேடிக்கை பார்த்த கணக்கு. பயம் போயிருக்கும்.

இதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஒரு போக்குவரத்து உண்டு, அதுதான் எனக்கு இன்னும் முக்கியம். மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை எல்லாப் பள்ளியிலும் இருக்கும். வகுப்புக்கு ஒரு அறை உள்ள பள்ளியில் அந்தப் பிள்ளையை இரண்டாம் வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தால் அது தண்டனை. கதவைத் தாண்டிப் போக வேண்டும், எல்லோரும் பார்ப்பார்கள். எங்களிடம் இரண்டடி நகர்ந்தால் போதும். "கொஞ்சம் பாப்பாவுக்குத் துணையா உக்காருடா" என்று சொல்லி அனுப்பினால், பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கிற சாக்கில் அவனே ககர வரிசையை முழுசாக ஒருமுறை ஓட்டிவிடுவான். கௌரவம் குறையாமல் பின்னால் போய் வர முடிகிற வசதி, சின்னப் பள்ளியைத் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் சொல்லிக்கொடுக்கிற முறை எந்தக் கையேட்டிலும் இருக்காது. ஒன்றாம் வகுப்பில் 'இ' எழுத வராமல் அழாத பிள்ளை குறைவு. நான் கையைப் பிடித்து எழுதவைத்தும் வராது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, "முதல்ல சுழி போடு. மேல ஏறு. ஏறிட்டயா? இறங்கு. இப்ப வீட்டைச் சுத்திட்டு வா" என்று சொல்லி, பென்சிலால் முட்டியில் ஒரு தட்டும் தட்டுவாள். வந்துவிடும். பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்வதெல்லாம் நல்லதுதான், ஆனால் நேற்றுத்தான் அந்த எழுத்தைக் கற்றுக்கொண்ட ஒருத்திக்குத் தெரிகிற சங்கடம் எனக்குத் தெரியாது. நான் 'இ' எழுதக் கற்றது எப்போதோ.

இதில் எல்லாம் இனிப்பு என்று சொல்லமாட்டேன். நான்காம், ஐந்தாம் வகுப்பு நீள் வகுத்தலுக்கு அமைதி வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் என் ஆட்கள் வாய்ப்பாட்டை ஊருக்கே கேட்கிற மாதிரி ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள், அந்தப் பக்கம் மீதியை எங்கே இறக்குவது என்று தெரியாமல் ஐந்தாம் வகுப்பு தவிக்கும். இன்னொன்று, நன்றாகச் சொல்லிக்கொடுக்கிற பிள்ளையை நாங்கள் அளவுக்கு மேல் பயன்படுத்திவிடுகிற ஆபத்து. ஒரு அம்மா என்னிடம் வந்து கேட்டார்: "டீச்சர், எம்மக இங்க படிக்க வருதா, படிப்பு சொல்லிக்கொடுக்க வருதா?" நியாயமான கேள்வி. சொல்லிக்கொடுப்பதால் அவளுக்கும் தெளிவு வருகிறது என்று நான் சொன்ன பதில் பாதிதான் உண்மை. அதற்குப் பிறகு மதியத்துக்கு மேல் பெரிய பிள்ளைகளைச் சின்னவர்களிடம் அனுப்புவதில்லை என்று நாங்களே ஒரு வரையறை வைத்துக்கொண்டோம். மூன்றாவது ஆசிரியர் ஒருவர் இருந்தால் இந்த வரையறைக்கே தேவை இருக்காது.

அப்புறம் உறவுமுறை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம். அத்தை மகன், பெரியப்பா மகள், சின்னாயி மகன். அதனால் சொல்லிக்கொடுப்பதும் எளிது, சண்டையும் எளிது. பெரியவர்களுக்குள் வரப்புத் தகராறு வந்தால் ஒரு வாரத்துக்குப் பாயில் அதன் கோடு தெரியும். கணக்கு நோட்டைக் காட்டமாட்டார்கள், ரப்பர் கடன் கிடைக்காது. பஞ்சாயத்தில் முடியாத விசயம் சில சமயம் இங்கே கோ-கோ ஆட்டத்தில் முடிந்துபோகும். ஆள் போதாதே, எதிரியையும் சேர்த்துக்கொண்டால்தான் ஆட்டம்.

வெவ்வேறு வகுப்பு ஒன்றாக உட்காருவதை ஒரு குறையாகப் பார்க்காமல் அதையே முறையாக மாற்றிய வரலாறும் நம்மிடம் இருக்கிறது. ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்தில் உள்ள ரிஷிவேலி கல்வி மையத்தில், சுற்றுக் கிராமங்களின் ஓரறைப் பள்ளிகளுக்காகவே ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஒரு ஏணிப்படம் வரைந்து, எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கிருந்து தானே ஏறிப்போகும்படி வைத்தார்கள். 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதை மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2007-08-ல் தமிழ்நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளிகளில் பரவியது. எனக்கு இதில் வேடிக்கையாகப் படுவது அதன் பயணம்தான். கிராமத்து ஓரறைப் பள்ளியில் பிறந்த முறை, பட்டணம் போய்ச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் நம் கிராமத்துக்கு வந்தது.

அந்தக் காலத்தின் மிச்சம் எங்கள் சுவரில் இன்றும் இருக்கிறது. அறையைச் சுற்றி இடுப்புயரத்துக்குக் கீழே ஓடுகிற கரும்பலகை, பிள்ளைக்கு ஒரு கட்டம். அட்டைகள் பல கிழிந்து போயின, பல தொலைந்தன. புத்தகத்தைக் கையில் கொடுக்காமல் அட்டையைக் கொடுத்ததில் பெற்றோருக்குக் கோபம் இருந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குப் பிள்ளைகளாக இருந்து இன்று பெற்றோராகி வந்திருப்பவர்களே அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆசிரியர்களிலும் பலருக்கு அது பிடிக்கவில்லை, ஏணியில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று குறித்துவைப்பதே ஒரு வேலையாகிவிட்டது என்றார்கள். அந்தக் குறையெல்லாம் உண்மைதான். ஆனால் கீழ்மட்டக் கரும்பலகையை மட்டும் யார் வந்து கேட்டாலும் விடமாட்டேன். தன் பெயரை எழுதத் தெரிந்துகொண்ட பிள்ளை அன்றைக்கு அந்தக் கட்டத்தை யாரையும் அழிக்க விடாது.

கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில், பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வரவைக்க, அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்று வரை, அடுத்த வருசம் நான்கும் ஐந்தும். ஒன்றரை வருசம் பள்ளி பூட்டிக்கிடந்ததில் இரண்டாம் வகுப்புக்கு நேராக வந்து நின்ற பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, மூன்று வகுப்பையும் கலந்து உட்காரவைக்கச் சொன்னார்கள். எங்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை, கலந்துதானே எப்போதும் உட்காருகிறோம். ஆனால் அதைச் செய்யலாம் என்று மேலிருந்தே அனுமதி வந்ததும் ஒரு நிம்மதி. பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் கையேட்டிலேயே இருந்ததால் வகுப்பில் ஆடுவதைப் பார்த்து, "என்ன டீச்சர், கூத்தா?" என்று கேட்பவர்களுக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டவும் முடிந்தது. வாரத்துக்கு வாரம் செயலியில் மதிப்பெண் ஏற்றுவதுதான் உயிரை வாங்குகிறது. எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைப்பது கொடிமரத்துப் பக்கத்தில் மட்டும். நான் கொடிமரத்தடியில் நின்று கையைத் தூக்கிக்கொண்டிருந்தால் மரியாதை செலுத்துவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் பள்ளியைப் பற்றிச் சொல்ல முடியாது. 1956-ல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்ததும், 1982-ல் எம்ஜிஆர் அதைச் சத்துணவாக விரித்ததும், கருணாநிதி முட்டை சேர்த்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. காலை உணவுத் திட்டத்தின் விரிவாக்கம் 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கிவைக்கப்பட்டபோது எங்களைப் போன்ற பள்ளிகளுக்கும் அது வந்தது. மாநிலம் முழுக்க 31,008 அரசுப் பள்ளிகள். அதற்கு முன்னால் காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். அம்மா நூறு நாள் வேலைக்கு ஏழு மணிக்கே கிளம்பியிருப்பார், பழைய சோறு இருந்தால் உண்டு. பத்து மணி ஆனதும் அந்தப் பிள்ளைகள் சுவரில் சாய்ந்துவிடுவார்கள். அதை நாங்கள் 'கவனக்குறைவு' என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தோம்.

இப்போது மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் வந்து சமைக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் மகனும் இங்கேதான் படிக்கிறான். பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்துவிடுவதால் பாடம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் சும்மா கிடைக்கிறது. அந்த நேரத்தில்தான் நூலகப் பெட்டியைத் திறந்து வைப்போம். 2023-ல் வாசிப்பு இயக்கத்துக்காகக் கொடுத்த சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையில். கிச்சடி எண்ணெய் பட்ட விரல்களால் அதில் பாதிப் புத்தகம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இருப்புப் பதிவேட்டில் 'சேதம்' என்று எழுத வேண்டியவை. நான் எழுதவில்லை, படிக்கப்பட்டவை அவை.

உணவு என்றதும் சாதியும் வந்துவிடுகிறது. எட்டயபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில், 2023 செப்டம்பரில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகப் பிள்ளைகள் காலை உணவைச் சாப்பிடாமல் இருந்ததும், நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி நேரில் போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதும் செய்திகளில் வந்தது. எங்கள் ஊரிலும் ஊர்த்தெரு தனி, காலனி தனி, பள்ளி நடுவில். வரிசையில் உட்காரும்போது யார் பக்கத்தில் யார் என்பதை நாங்கள் கவனிக்காத மாதிரி கவனிப்போம். உயர வரிசைப்படி உட்காரவைப்பது, வகுப்பைக் கலந்து உட்காரவைப்பது என்று சின்னச் சின்னத் தந்திரங்கள். முட்டை நாளில் மஞ்சள் கரு பிடிக்காதவன் வெள்ளைக்கரு பிடிக்காதவனோடு மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கு எந்தத் தெரு என்று பார்த்தால் ஆகாது. எங்கள் பள்ளியில் யாரும் வெளிப்படையாகச் சாப்பாட்டை மறுத்ததில்லை. ஆனால் பத்து வருசச் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் வேறொன்று தெரியும்: ஊர்த்தெருப் பெயர்கள் மெதுவாகக் குறைந்துகொண்டு வருகின்றன.

காரணம் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன். காலையில் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது. அதில் ஏறுகிற எல்லோரும் சாதி பார்த்து ஏறுகிறார்கள் என்று சொன்னால் அநியாயம். சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிற அப்பாவுக்குத் தன் மகன் டை கட்டிக்கொண்டு போவதை வீடியோ காலில் பார்க்க ஆசை, அதில் என்ன தப்பு? ஆனால் வேனில் முதலில் ஏறியது யார், கடைசிவரை ஏற முடியாதது யார் என்று பார்த்தால் ஊரின் வரைபடம் அப்படியே வந்துவிடுகிறது. இன்னொரு எளிய காரணமும் உண்டு. வேன் மூன்று வயதிலேயே எல்கேஜிக்கு வந்து நிற்கிறது. நாங்கள் ஐந்து வயதில்தான் சேர்க்கிறோம். 2019-ல் அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது, ஆனால் அவை நடுநிலைப் பள்ளி வளாகங்களில். எங்களைப் போன்ற தொடக்கப் பள்ளிக்கு அது வரவில்லை. மூன்று வயதில் போனவர்களை ஐந்து வயதில் திருப்பிக் கூப்பிட நாங்கள் வைக்கிற பிளெக்ஸ் பேனர் போதாது.

வேனில் பிள்ளை போனால் பெற்றோரும் போய்விடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. கூரை ஒழுகினால் ஒன்றிய அலுவலகத்தில் போய்ச் சத்தம் போடத் தெரிந்த ஆட்கள், போன் எடுத்துப் பேசினால் வேலை நடக்கிற ஆட்கள், அவர்கள் பிள்ளை இங்கே இல்லை என்றால் அவர்களுக்கு ஒழுகுவது தெரியாது. மிச்சம் இருப்பவர்கள் சத்தம் போட்டுப் பழகாதவர்கள். அவர்களைப் பழக்க வேண்டியிருக்கிறது. 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுபடி அமைத்தபோது இருபது பேரில் பதினைந்து பேர் பெற்றோர், தலைவர் ஒரு அம்மா என்று விதி வந்தது. எங்கள் முதல் தலைவி கூட்டத்தில் உட்காரவே ஒரு வருசம் தயங்கினார், ஓரமாகத் தூணில் சாய்ந்து நிற்பார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கழிப்பறைத் தண்ணீர்க் குழாய் விசயத்தில் ஊராட்சி ஆளிடம், "நீங்க சொல்றது போன மாசமும் சொன்னீங்க. தீர்மானத்துல எழுதியிருக்கு, டீச்சர் வாசிங்க" என்றார். நான் வாசித்தேன். இரண்டு நாளில் குழாய் வந்தது.

ஊர் பள்ளியைக் கவனித்துக்கொள்வது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1950களின் கடைசியில் காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. கட்டடம், நிலம், பலகை, சீருடை என்று ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். எங்கள் பள்ளி நிற்கிற நிலமும் அப்படி ஒருவர் எழுதிக்கொடுத்ததுதான் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கும் முன்னால் கோயில் மண்டபத்தில் ஒற்றை ஆசிரியரோடு பள்ளி நடந்திருக்கிறது. அந்த வாத்தியார் ஊரிலேயே குடியிருந்தார், கிளைத் தபால் நிலையமும் அவரிடம்தான். மலேயாவிலிருந்து வருகிற கடிதத்தை அவரே கொடுத்து, அவரே படித்துக் காட்டி, பதிலும் அவரே எழுதுவாராம். ஊரின் ரகசியம் எல்லாம் தெரிந்த மனிதர். ஐந்து வயது ஆனதா என்று பார்க்க, தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் எதிர்க் காதைத் தொடச் சொல்வாராம். தொட்டால் சேர்க்கை, பிறந்த தேதி அவர் இஷ்டம். எங்கள் ஊர்ப் பெரியவர்களில் பாதிப் பேருக்கு ஜூன் மாதப் பிறந்தநாள் அமைந்த ரகசியம் இதுதான்.

இன்று நானோ தலைமையாசிரியரோ ஊரில் குடியில்லை. ஸ்கூட்டியில் வந்து ஸ்கூட்டியில் போகிறோம். கடிதம் படிக்கிற வேலை போய், ஓடிபி வாங்குகிற வேலை வந்திருக்கிறது. எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் பெற்றோரின் போன் எண்ணைச் சரிபார்க்கச் சொன்னபோது, அப்பா எண்ணுக்கு ஓடிபி சிங்கப்பூருக்குப் போய், அங்கே இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி வாங்கியிருக்கிறோம். ஒரு வகையில் பழைய வாத்தியார் செய்த வேலைதான், மரியாதை மட்டும் கொஞ்சம் குறைவு.

கல்விச் சீர் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்ச வருசமாகத் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் நடக்கிறது, எங்கள் மாவட்டத்தில் அதிகம். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவருவது போல ஊர்மக்கள் பள்ளிக்குச் சீர் கொண்டுவருகிறார்கள். எங்கள் ஊரில் நடந்தபோது பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு கிளம்பினார்கள். முன்னால் தட்டுகளில் வெற்றிலை பாக்கு, பழம், நோட்டு, பென்சில். பின்னால் இரண்டு பேர் தூக்கி வந்த பீரோ, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவர்க்கடிகாரம், தண்ணீர் டிரம், சில்வர் தட்டு, துடைப்பம், முறம். முறத்தையும் தட்டில் வைத்து மஞ்சள் குங்குமம் பூசித்தான் கொண்டுவந்தார்கள். தலைமையாசிரியர் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்று கூட்டத்தை வரவேற்றார். வேனில் போகிற பிள்ளைகளின் வீட்டாரும் அன்றைக்கு வந்திருந்தார்கள், ஒருவர் மின்விசிறி கொடுத்தார். தன் பிள்ளை படிக்காத பள்ளிக்கு அவர் ஏன் கொடுக்கிறார் என்று நான் யோசித்தேன். அவர் படித்த பள்ளி.

பீரோவைவிட எங்களுக்கு அன்று தேவைப்பட்டது வேறு என்பது உண்மை. கழிப்பறை சுத்தம் செய்கிறவருக்குச் சம்பளம் ஒழுங்காக வராமல் அவர் வருவதையே நிறுத்தியிருந்தார். சீர் வரிசையில் அதை யாரும் தட்டில் வைத்துக் கொண்டுவர மாட்டார்கள். பொருள் கொடுப்பது எளிது, போட்டோவும் நன்றாக விழும். மாதாமாதம் ஒருவருக்குக் கூலி கொடுப்பதற்கு மேளம் கிடையாது. இதை நான் கூட்டத்தில் சொன்னதும் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் மூன்று பேர் முறை வைத்துக் கொடுப்பதாக ஏற்றுக்கொண்டார்கள். ஓடிக்கொண்டிருக்கிறது, நடுவில் ஒரு மாதம் தடுமாறியது.

ஊர் உள்ளே வருவது என்று சொன்னேனே, அதில் எனக்குப் பிடித்த ஆள் ஒரு அப்பத்தா. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி என்கிற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம், ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்துப் படித்ததோடு சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் எங்கள் அப்பத்தாவும் ஒருவர். தெருவிளக்கில் படித்தாராம். பகலில் சைக்கிள், அதுவும் வாடகைச் சைக்கிள். இப்போது பேரனைக் கூட்டிப்போக வரும்போது அரை மணி முன்னாலேயே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். பேரன் 'நட' நிலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவான். இருவரும் ஆளுக்கொரு வரி. அப்பத்தா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், பேரன் இப்போது அவரை முந்திவிட்டான். "நீ வேகமாப் போற, நான் அர்த்தத்தோட போறேன்" என்பார் அப்பத்தா. அவர் படிப்பதைக் கேட்க மற்ற பிள்ளைகளும் கூடிவிடுகிறார்கள், தப்பு விட்டால் திருத்தலாமே. பெரிய மனுசியைத் திருத்துகிற சந்தோசம் பாடப் புத்தகத்தில் கிடைக்காது.

அவர் மாதிரி இன்னும் இரண்டு பேர் வருவார்கள். 'இல்லம் தேடிக் கல்வி' என்கிற அரசின் மாலை வகுப்புத் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த மருமகள் ஒருத்தி, பி.எஸ்சி. படித்தவர். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை வைத்திருந்தார். எங்கள் பள்ளி பூட்டிய பிறகும் பள்ளி தொடர்ந்தது அவரால்தான். வீட்டை விட்டு வெளியே வர அவருக்கும் அது ஒரு சாக்கு. இன்னொருவர் கண்மாய் மீன் ஏலம் எடுப்பவர். ஐந்தாம் வகுப்புக்கு எடை அளவைப் பாடம் நடக்கும்போது தராசோடு வந்து கிலோ, கிராம் என்று நிறுத்துக் காட்டினார். மீன் வாசனை இரண்டு நாள் போகவில்லை. ஆயிரம் கிராம் ஒரு கிலோ என்பதை அந்த வருசத்து ஐந்தாம் வகுப்பு மறக்கவில்லை.

எங்கள் பிள்ளைகள் ஐந்து முடித்ததும் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் போகிறார்கள். அங்கே வகுப்புக்கு ஒரு அறை, பாடத்துக்கு ஒரு ஆசிரியர், பெஞ்சு. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்தில் அந்தப் பள்ளியின் கணக்கு ஆசிரியரை எப்போதாவது பார்ப்பேன். போன முறை டீ குடிக்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பிள்ளைங்க நல்ல பிள்ளைங்கதான் டீச்சர். ஆனா வாயை மூட மாட்டேங்குதுங்க. நான் போர்டுல எழுதிட்டுத் திரும்புறதுக்குள்ள பக்கத்துல இருக்கிறவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருக்குதுங்க. எந்திரிச்சு வேற பெஞ்சுக்கே போயிடுதுங்க."

"சொல்லிக்கொடுக்கிறது சரியா இருக்கா சார்?" என்று கேட்டேன்.

"சரியாத்தான் இருக்கு, அதனாலதான் திட்டவும் முடியல" என்றார். பெருக்கலில் தடுமாறுகிற நாலு பேருக்குப் பக்கத்தில் எங்கள் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்துப் பாருங்கள் என்று சொன்னேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றார். அதற்குத்தான் அட்டவணையைச் சுவரில் ஒட்டுவது என்று சொல்லிவிட்டு, கூட்டம் தொடங்க மணி அடித்ததும் உள்ளே போனோம்.